வேன் ஏறிய வெள்ளாமை

கொரியாவுக்குப் பண்ணைச் சுற்றுலா போகிறவர்கள் ஜேஜு தீவில் ஆரஞ்சுத் தோப்புக்குள் இறங்கித் தாங்களே பழம் பறிக்கலாம். அதற்குக் காசும் கட்ட வேண்டும். இதைச் சொன்னதும் ராசிபுரத்துச் சின்னமாமா வாயடைத்துப் போனார். "பறிக்கறவனே நமக்குக் காசு தர்றானா? அந்த ஏஜெண்டு நம்பரக் குடு மாப்ள. கடலைக்கொடி புடுங்க ஆள் கெடைக்காமக் கெடக்குது."

எங்களுக்கு வாய்த்தது வேளாண்மைத் துறை ஆத்மா திட்டத்தில் நடத்தும் கண்டுணர்வு சுற்றுலா. பாஸ்போர்ட் வேண்டாம், சிட்டா நகல் போதும். ஆளுக்கொரு நோட்டும் பேனாவும் உண்டு. விவசாயியை விவசாயம் பார்க்கக் கூட்டிப் போவதில் ஒரே சங்கடம், அவர் எதையும் ரசிக்க மாட்டார், விலை போடுவார். ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் புது மரவள்ளி ரகம் பற்றி விஞ்ஞானி விலாவாரியாகப் பேசி முடித்ததும் எழுந்த கேள்வி: "இதப் பன்னி திங்குமுங்களா?"

அடுத்து ஆத்தூர்ப் பக்கம் ஒரு சேகோ பேக்டரி, அதாவது ஜவ்வரிசி ஆலை. குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி தோலுரிந்து, அரைபட்டு, பாலாகித் தொட்டியில் தெளிந்து, மாவாகி, குலுக்கலில் மணியாகி, வறுபட்டுக் களத்தில் வெள்ளை வெளேரென்று காய்கிறது. வெளியூர்க்காரன் என்றால் அங்கே நின்று செல்பி எடுப்பான். எங்கள் ஆட்கள் மொத்தப்பேரும் எடைமேடையைச் சுற்றி நின்றார்கள். கிழங்கில் சாம்பிள் எடுத்து, மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்து விலை சொல்லும் இடம் அது. யாருக்கோ பாயிண்ட் குறைந்துவிட்டது. அந்த முன்பின் தெரியாதவருக்காக எங்கள் வேனே சண்டைக்குப் போனது.

உலகப் போரில் மலாயா ஜவ்வரிசி வரத்து நின்றபோது, 1943 வாக்கில் சேலத்து மாணிக்கம் செட்டியார் மரவள்ளியில் தொடங்கிய தொழில் இது. 2023ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. சரக்கில் பெரும்பகுதி வடக்கே, விரத நாள் கிச்சடிக்குப் போகிறது. "நாம பாயசத்துல நாலு போடறத, அவங்க பட்டினி கெடக்கறப்ப வயிறு முட்டத் திங்கறாங்களா?" என்றார் மாமா. கொரியாவில் மலிவு சோஜுவுக்கு வேண்டிய சாராயத்தை அரிசி, சர்க்கரைவள்ளியோடு மரவள்ளியிலிருந்தும் இறக்குகிறார்கள் என்று நான் சொல்லிவைத்தேன். அதுவரை மூடிக் கிடந்த நோட்டுகள் திறந்தன.

நாமக்கல் கோழிப்பண்ணையில் கேட்டோடு நிறுத்திவிட்டார்கள். பறவைக் காய்ச்சல் பயம். வேன் டயருக்கே மருந்து அடித்தார்கள். கூண்டின் சரிவில் முட்டை தானாக உருண்டு வருவதை எட்ட நின்று பார்த்தோம். "இத்தன முட்ட போடுதே, ஒரு குஞ்சாச்சும் பொரிக்குதுங்களா?" என்று கேட்டார் பேளுக்குறிச்சி அக்கா. "சேவலே கெடையாதுங்களேக்கா" என்றார் மேனேஜர். அக்கா அதற்கப்புறம் வெகுநேரம் பேசவில்லை.

மாமாவை உலுக்கியது வேறு. பண்ணைக்காரர்களே கூடி 1982ல் அமைத்த தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு முட்டைக்கு விலை அறிவிக்கிறது. "வெளைய வெச்சவனே வெல சொல்றானா!" ஆரஞ்சுக்குக்கூட அவர் இவ்வளவு அசரவில்லை. (வியாபாரி அதிலும் காசு குறைத்து 'மைனஸ்' போட்டு எடுப்பதுண்டு என்பதை மேனேஜர் சொல்லவில்லை. மாமா முகத்தைப் பார்த்து நானும் சொல்லவில்லை.)

கடைசியாக, பரமத்தி வேலூர்ப் பக்கம் பிலிக்கல்பாளையம் வெல்லச் சந்தை. முப்பது கிலோ சிப்பங்கள் அடுக்கடுக்காக ஏலம் போகின்றன. காய்ச்சியவர் கைகட்டி நிற்க, வாங்குகிறவர்கள் விலை கூவுகிறார்கள். மாமா ஓர் உருண்டையை உடைத்து வாயில் போட்டார், இன்னொன்றை முகர்ந்தார், ஏலம் எடுத்த வியாபாரி ஒருவரிடம் பேசி ஒரு சிப்பத்தை வேனில் ஏற்றிவிட்டார். "ஏனுங்க, இது சுற்றுலாங்க" என்றார் கூட வந்த வேளாண்மை மேடம்.

நாமக்கல் தாண்டுவதற்குள் சிப்பத்தைப் பிரித்து, கிலோ இன்ன விலை என்று தானே அறிவித்து, வேனுக்குள்ளேயே முக்கால்வாசியை விற்றுவிட்டார். மேடம் ரெண்டு கிலோ வாங்கினார். கடலைக்கொடி பிடுங்க வருகிறேன் என்று ஒத்துக்கொண்ட டிரைவருக்கு மட்டும் மைனஸ்.