ராஜராஜனும் ராகிக் கஞ்சியும்

பெங்களூரு ஓரத்துச் சந்தாபுராவில் ஒரு வகை அப்பா உண்டு. ஆனேக்கல் ரோடு பிரிகிற சர்க்கிளில் ஆரம்பித்து சூர்யா நகர் வரை முளைத்திருக்கும் அடுக்குமாடிகளில் லிப்டுக்கு ஒருவராவது தேறுவார். வேலை எலக்ட்ரானிக் சிட்டியில். சொந்த ஊர் திருச்சிப் பக்கமோ கும்பகோணத்துப் பக்கமோ. கையில் இரண்டு வயது நெருங்கும் பிள்ளை, வாயில் ராஜராஜ சோழன்.

மற்ற அப்பாக்கள் சனிக்கிழமையானால் பிள்ளையை மாலில் பந்துகளுக்கு நடுவே இறக்கிவிட்டு ஓரமாக உட்கார்ந்து போன் பார்ப்பார்கள். நம் ஆளுக்கு அது மானக்கேடு. குழந்தைக்கு எக்ஸ்போஷர் வேண்டும். அதுவும் சரித்திர எக்ஸ்போஷர். மூன்று வயதுக்கு முன்னால் பார்த்த எதுவும் பெரியவனானால் அநேகமாக நினைவிருக்காது என்பது இவருக்குத் தெரியும். இதைப் பற்றி ஃபிராய்டு எழுதியிருக்கிறார் என்று இவரேதான் லிப்டில் நமக்குச் சொன்னார். தெரிந்தும் ஏன் போகிறார் என்று கேட்டால், அதற்குத்தானே போட்டோ எடுக்கிறோம் என்பார்.

கணக்கும் வைத்திருக்கிறார். ரயிலில் 5 வயதுக்குள் டிக்கெட் கிடையாது. மத்தியத் தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களில் 15 வயது வரை நுழைவுக் கட்டணம் கிடையாது. "இப்பவே காட்டிட்டா லாபம் சார்" என்பார், ஹம்பி என்னவோ அடுத்த மாதம் காலாவதியாகப் போகிற மாதிரி.

ஹம்பியும் ஆயிற்று. ஐம்பது ரூபாய் நோட்டின் முதுகில் இருக்கும் கல்தேரைப் பிள்ளைக்கு முதலில் நோட்டில் காட்டி, பிறகு நேரில் காட்டுவது என்று திட்டம். சின்னவர் நோட்டை வாயில் போட்டுக்கொண்டார். எடுத்துத் துடைத்து நிமிர்ந்தால், எதிரே தேர். அதன் சக்கரத்தைத் தள்ள வேண்டும் என்று அழுகை. விட்டல சுவாமி கோயில் வளாகம் முழுக்க எதிரொலித்த அந்த அழுகைக்குக் காரணம் வெகு நியாயமானது: சக்கரம் இருக்கிறது, வண்டி ஏன் ஓடவில்லை? உடன் போயிருந்த பாட்டி, அதாவது இவருடைய மாமியார், "நம்ம ஹுஸ்கூர் மத்தூரம்மா ஜாத்திரையில நூறடித் தேரையே மாடு கட்டி இழுக்கறாங்களே, மாப்ள. அதைக் காட்டியிருந்தா பெட்ரோலும் மிச்சம்" என்றார். மாப்பிள்ளை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஹுஸ்கூர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். கூப்பிடு தூரத்தில் இருப்பது சரித்திரமாகாது.

மைசூருக்கும் போனார்கள். ஞாயிறு இரவு 7 மணிக்கு அரண்மனையில் சுமார் 97,000 பல்புகள் ஒரே நேரத்தில் எரியும். 6.50க்குச் சின்னவர் தூங்கிவிட்டார். பல்பு எரிந்தபோது எழுப்பலாம் என்றார் அப்பா. எழுப்பினால் நான் ரயிலேறி அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்றார் அம்மா. அம்மாவின் அம்மா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

ஆனால் இந்த வகையை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் தஞ்சாவூர்ப் பயணத்தில்தான் பார்க்க வேண்டும். காலை நாலு மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். நாலு மணிக்குக் கிளம்பும் எந்தத் திட்டத்திலும் அப்பாக்களே இருப்பார்கள், குழந்தைகள் இருக்க மாட்டார்கள். ஏழரைக்கு டிக்கி சாத்தப்படுகிறது. உள்ளே டயப்பர் கட்டு, வைப்ஸ், ராகிக் கஞ்சி மாவு, அதைக் காய்ச்ச எலக்ட்ரிக் கெட்டில், இட்லித் தட்டு, இண்டக்‌ஷன் அடுப்பு, தேங்காயெண்ணெய், ஓமவாட்டர், மாற்றுத் துணி, மாற்றுத் துணிக்கு மாற்றுத் துணி, ஒரு யானை பொம்மை, அந்த யானை தொலைந்தால் கொடுக்க அதே மாதிரி இன்னொரு யானை, ஸ்ட்ரோலர். 1820இல் தஞ்சை மராட்டிய மன்னர் சரபோஜி காசி யாத்திரை கிளம்பியபோது பரிவாரம் 3000 பேர் என்பார்கள். கூட ஒரு இரண்டு வயதுப் பிள்ளை இருந்திருந்தால் இன்னும் இரண்டாயிரம் பேர் சேர்த்திருப்பார்.

சந்தாபுராவாசிக்கு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டைவிட ஓசூர் பக்கம். அத்திப்பள்ளி டோலைத் தாண்டியதுமே அப்பாவுக்குத் தமிழ் மண்ணின் வாசம் அடிக்க ஆரம்பித்துவிடும். கிருஷ்ணகிரியில் அதியமான், தர்மபுரியில் ஔவையார் என்று பின்சீட்டுக்குப் பாடம் நடக்கும். தொப்பூர் கணவாயில் சின்னவர் வாந்தி எடுப்பார். இது பயணத் திட்டத்திலேயே உண்டு; அதற்கென்று அம்மா மடியில் ஒரு டவல் விரித்திருப்பார். 350 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, சேலத்தில் ஒரு தூக்கம், நாமக்கல்லில் ஒரு கஞ்சி, திருச்சியில் ஒரு அழுகை என்று தஞ்சைக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயில். பெரிய கோயில் நடை சாத்தியிருக்கும். திறக்க நாலு மணியாகும். பரவாயில்லை, வெளியே பார்க்கவே நாலு மணி நேரம் போதாது என்பார் அப்பா. செருப்பைக் கழற்றி விட்டு முதல் அடி வைத்ததும் பாட்டி ஒரு வார்த்தை சொல்வார். அச்சில் வராது.

கேரளாந்தகன் திருவாசலில் அப்பா பாடத்தை ஆரம்பிக்கிறார். சேரனை வென்றதற்காக வைத்த பெயர், அடுத்தது ராஜராஜன் திருவாசல், கோயில் முடிந்தது 1010இல், உயரம் 216 அடி. "மேல பாரு கண்ணா." சின்னவர் கீழே பார்க்கிறார். அங்கே எறும்புகள் ஒரு இட்லித் துணுக்கை இழுத்துக்கொண்டு போகின்றன. அவருக்கு இது உலக அதிசயம். எறும்பைத் தாண்டி அவரைத் தூக்கிக்கொண்டு போனால் கால் கழுவும் குழாய். அரைமணி நேரம் குழாய். "ராஜராஜன் பாக்கலாமா?" என்று அப்பா கெஞ்சினால் "பேடா." வேண்டாம் என்பதை மட்டும் சின்னவர் டேகேரில் கன்னடத்தில்தான் கற்றிருந்தார், உறுதியாகவும் கற்றிருந்தார்.

நந்தியைக் கண்டதும் "அம்பா!" என்று ஒரு கூச்சல். அப்பா முகத்தில் வெற்றி. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சரித்திர அப்பாவால் ஒரு சந்தோஷத்தைத் திருத்தாமல் விட முடியாது. இந்த நந்தி ராஜராஜன் வைத்ததல்ல, நாயக்கர் காலத்தது, அசல் நந்தி தெற்குத் திருச்சுற்றில் இருக்கிறது என்று பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு அங்கே ஓடுகிறார். அசல் நந்தி சின்னது. சின்னவருக்குப் பெரிய நந்திதான் வேண்டும். பாட்டி ரெண்டுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நிழல் தேடுகிறார்.

நிழல் என்றதும் ஒரு காட்சி. விமானத்தின் ஓரமாக, கல் சுடாத இடமாகப் பார்த்து டவலை விரித்துக் குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. தயிர்சாதம் திறந்தாயிற்று. அப்பா நின்றபடியே சொல்கிறார்: "இந்தக் கோபுரத்தோட நிழல் தரையிலேயே விழாது." மனைவி தலையைத் தூக்கி அவரைப் பார்க்கிறார், பிறகு தான் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்க்கிறார். "அப்ப நாங்க எதுலங்க உக்காந்திருக்கோம்?" நிழல் தாராளமாக விழுகிறது, தினமும் விழுகிறது, தலைமுறை தலைமுறையாக அதில் உட்கார்ந்து கட்டுச்சோறு பிரித்தவர்களே இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் வந்திருக்கிறார்கள். உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக்கல் என்பதையும் அவர் விடவில்லை. அது பல துண்டுகளின் சேர்க்கை என்று ஆய்வாளர்கள் சொல்லி வெகுநாளாயிற்று. எடையைக் கேட்ட சின்னவர் கஞ்சியைத் துப்பினார். வேறு காரணமாகவும் இருக்கலாம்.

விமானத்தின் வடபக்கம் தொப்பி வைத்த வெள்ளைக்காரர் மாதிரி ஓர் உருவம் இருக்கிறது. வெள்ளையர் வரவை ராஜராஜன் முன்கூட்டியே அறிந்து வைத்தான் என்று கைடுகள் சொல்வார்கள். 1620இல் தரங்கம்பாடியை டேனிஷ்காரர்களுக்குக் கொடுத்தவர் ரகுநாத நாயக்கர். அந்தக் காலத்துச் சுதை வேலையாக இருக்கலாம் என்போரும் உண்டு. சின்னவர் அந்த உருவத்தைப் பார்த்ததும் "தாத்தா" என்றார். மூன்று கட்சியில் எனக்குப் பிடித்தது இதுதான்.

ராஜராஜனைப் பற்றி நான் ஒன்று சொல்ல வேண்டும். தான் கொடுத்தது, அக்கா குந்தவை கொடுத்தது, மனைவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்ன ஆள் அவர். நகைகளின் எடை உட்பட. வெவ்வேறு ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடிவைத்த 400 தளிச்சேரிப் பெண்டிரில், அதாவது கோயில் ஆடல் மகளிரில், யாருக்கு எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீடு என்பது வரை அங்கே இருக்கிறது. அப்பா இதைக் காட்டி உருகுகிறார். அதே கறாரில் கணக்கு எழுதும் ஒருவர் அவர் பக்கத்திலேயே நிற்கிறார். அம்மாவின் போனைத் திறந்தால் காலை 6.10 பால், 8.40 அரை இட்லி (துப்பியது கழித்து), 11.05 டயப்பர், 11.20 மறுபடியும் டயப்பர், கடைசியாகத் தூங்கியது, எவ்வளவு நேரம், யார் எழுப்பியது. கடைசிக் குறிப்புக்கு எதிரே ஒவ்வொரு முறையும் ஒரே பெயர்.

அடுத்தது தஞ்சை அரண்மனை. அங்கே பாதி நேரம் 'தொடாதே'யில் போகும். சோழர் செப்புத் திருமேனிகள் முன்னால் அப்பா குரல் தழுதழுக்க, சின்னவர் காவலாளியின் விசிலைக் கேட்டு அழுவார். சரஸ்வதி மகால் நூலகத்தில் சத்தம் போடக்கூடாது என்பதால் அம்மாவும் பிள்ளையும் வெளியே. அப்பா மட்டும் உள்ளே, குழந்தைக்காக. காப்பாற்றியது திமிங்கலம். 1955இல் தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூட்டை அந்த வளாகத்தில் வைத்திருக்கிறார்கள். சோழர், நாயக்கர், மராட்டியர் மூவரும் சேர்ந்து பிடிக்க முடியாத கவனத்தை அது ஒரே நொடியில் பிடித்தது. "மீனு! மீனு!" அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மீன் பாண்டியர் சின்னம் அல்லவா.

கோயில் வாசலில் வாங்கிய தலையாட்டி பொம்மையைச் சின்னவர் தள்ளினார். விழுந்தது, எழுந்தது, தலையாட்டியது. அன்று மாலை முழுக்க அவர் தள்ளிக்கொண்டே இருந்தார். அது புவிசார் குறியீடு பெற்ற பொருள் என்பதை அப்பா விளக்கியபோது பொம்மைதான் தலையாட்டியது.

ஊர் திரும்பியதும் அபார்ட்மென்ட் வாட்ஸப் குழுவில் படம் வரும். நூற்றுக்கணக்கில் எடுத்ததில் அழாத படம் ஒன்று. சின்னவர் வாய் பிளந்து மேலே பார்க்கிறார். தலைப்பு: 'பெருவுடையார் கோயிலைக் கண்டு பிரமிக்கும் குட்டிச் சோழன்'. மேலே புறா பறந்தது படத்தில் விழவில்லை.

இவரோடு எனக்கு ஒரே ஒரு வழக்குதான். பெங்களூரு என்ற பெயர் வருகிற மிகப் பழைய கல்வெட்டு, ஏறக்குறைய கி.பி. 890ஐச் சேர்ந்த நடுகல், பேகூர் நாகேஸ்வரர் கோயிலில் இருக்கிறது. இவர் ஆபீசிலிருந்து கொஞ்ச தூரம்தான். தொம்லூர் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டே இருக்கிறது. ஓசூர் ரோட்டு நெரிசலில் இவர் நிற்கும் நேரத்தில் இரண்டையும் பார்த்துவிட்டு வரலாம். சொன்னேன். "அங்க ஹோட்டல் ரூம் போட்டுத் தங்க முடியாதே சார்" என்றார்.

இப்போது விஷயம் கடல் கடந்துவிட்டது. ஆபீசில் ஒருவர் ஆன்சைட்டாக மாட்ரிட் போய், அங்கிருந்து ரயிலில் அரைமணி நேரத்தில் டொலேடோவுக்குப் போய்ப் படம் அனுப்பியிருக்கிறார். மூன்று பக்கம் ஆறு வளைத்த மலைமேல் நகரம், எல் கிரேக்கோ என்ற ஓவியர் வாழ்ந்து 1614இல் மறைந்த ஊர், யுனெஸ்கோ பட்டியலில் ஹம்பி சேர்ந்த அதே 1986இல் சேர்ந்தது. சந்துகள் முழுக்க உருளைக்கல் பாவியது, ஸ்ட்ரோலர் தள்ளினால் பிள்ளைக்குப் பல் ஆடும். ஆனால் பழைய நகரத்துக்கு ஏற மலைச்சரிவில் எஸ்கலேட்டரே வைத்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும் மனைவி முதல்முறையாக ஆர்வம் காட்டினார். பாட்டி ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்: அந்த ஊரில் ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு? ஒன்பதுக்கு மேல் என்றதும், "பச்சப்புள்ளைக்கு ஒம்பது மணிக்கு மேலயா சோறு போடுவாங்க?" என்று ஒரு தேசத்தையே நிராகரித்துவிட்டார்.

ஆனாலும் அப்பா பின்வாங்கவில்லை. 6 வயதுக்குள் ஷெங்கன் விசாக் கட்டணம் கிடையாது. லாபம் சார்.

பாஸ்போர்ட் போட்டோவுக்காக எல்லோரும் சர்க்கிள் பக்கத்து ஸ்டுடியோவுக்குப் போனார்கள். பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும். சின்னவருக்குக் கண் திறந்தால் வாயும் திறக்கும். அம்மா சாவிக்கொத்தை ஆட்டினார். அப்பா கேமராவுக்குப் பின்னால் யானையாக நடந்தார். பாட்டி தலையாட்டி பொம்மையைத் தூக்கிக் காட்டினார். அதைக் கீழே விடச் சொல்லி அழ ஆரம்பித்தார் சின்னவர். கடைசியில் ஸ்டுடியோக்காரரே பிஸ்கட் ஒன்றை எடுத்துப் பிள்ளை வாயில் வைத்தார். வாய் மூடியது, கண் விரிந்தது, க்ளிக்.

கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஸ்டுடியோக்காரர் தயங்கினார். "ஒரு பக்கம் கன்னம் உப்பியிருக்கே சார், ஒத்துப்பாங்களா?"

அப்பா விதிமுறைகளைப் போனில் மேலும் கீழும் தள்ளிப் படித்தார். "வாயைப் பத்தித்தான் போட்டிருக்கு. கன்னத்தைப் பத்தி ஒண்ணும் இல்ல. எட்டு காப்பி போடுங்க."