பல் டாக்டருக்குத் தண்ணீர் ஊற்றியாச்சா?

எங்கள் வீட்டுச் செடிகள் எதற்கும் ரசீது கிடையாது. நர்சரியில் காசு கொடுத்துச் செடி வாங்குவதைக் கையாலாகாத்தனம் என்றே என் மனைவி நினைக்கிறாள். "ஒடிச்சு வச்சா வர்றதுக்கு அவன் நூறு ரூபா கேப்பான், நீங்களும் குடுப்பீங்க" என்பது அவள் கட்சி. அவள் கைப்பையில் ஒரு பிளாஸ்டிக் கவர், ஈரக் கைக்குட்டை, குட்டிக் கத்தரிக்கோல் எப்போதும் இருக்கும். கல்யாணத்துக்குப் போய்வந்தால் மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது. மண்டபத்து வாசல் தொட்டிகளை வரிசை மாறாமல் ஒப்பிப்பாள்.

மணி பிளான்ட்டைத் திருடி வைத்தால்தான் விளங்கும் என்று நம்மூரில் ஒரு ஐதீகம் உண்டல்லவா? அந்தச் சலுகையை இவள் எல்லாச் செடிகளுக்கும் நீட்டித்துவிட்டாள். யோசித்தால் ஐதீகத்தில் அர்த்தம் இல்லாமலும் இல்லை. பசிபிக் கடலில் பிரெஞ்சு பாலினீசியாவின் மோரியா தீவுதான் அந்தக் கொடியின் பூர்வீகம். வீட்டில் வளர்த்தால் பூப்பது அபூர்வத்திலும் அபூர்வம். பூவில்லாமல் விதை ஏது? உலகம் முழுக்கப் பரவியது கிள்ளிக் கிள்ளித்தான். உங்கள் வீட்டு ஜன்னலில் தொங்குவதன் வம்சாவளியிலும் எங்கோ ஒரு கத்தரிக்கோல் இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், எங்கிருந்து வந்ததோ அந்தப் பெயரையே செடிக்கும் வைத்துவிடுகிறாள். விளிம்பு பச்சை, நடுவில் அரக்குச் சிவப்பாக இருக்கும் கோலியஸ், பல் டாக்டர். பேங்க் வாசலில் கிள்ளிய மஞ்சள் கோலியஸ், மேனேஜர். ஊதா நிறத்தில் தொட்டியை விட்டு வழிகிற ட்ரேடஸ்காண்டியா, சம்பந்தி. ஒருநாள் கூரியர் தம்பி கையெழுத்துக்காக வாசலில் நிற்கும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது: "மேனேஜர் தலையைக் கிள்ளி விடுங்க, ரொம்ப ஆடுறார்! பல் டாக்டருக்குத் தண்ணி ஊத்தியாச்சா?" அந்தத் தம்பி பேனாவைத் திரும்ப வாங்காமலே போய்விட்டான்.

தலையைக் கிள்ளுவதற்குக் காரணம் உண்டு. கோலியஸின் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடித்துப் புதராகும். விட்டுவிட்டால் நீலக் கதிராகப் பூத்து, இலை சிறுத்து, தண்டு நெடுநெடுவென்று போகும். கிள்ளிய நுனியையும் இவள் குப்பையில் போடமாட்டாள். நாலு விரற்கடை நீளத்துக்குக் கணுவுக்குச் சற்றுக் கீழே நறுக்கி, அடி இலைகளை உருவிவிட்டு, காலி ஹார்லிக்ஸ் பாட்டில் தண்ணீரில் போடுவாள். இலை தண்ணீருக்குள் முங்கினால் அழுகிவிடும். வாரம் பத்து நாளில் கணுவைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக வேர் இறங்கும்.

கோலியஸ் தண்டை விரலுக்கிடையில் வைத்து உருட்டிப் பாருங்கள், உருளாது. நாலு பட்டை. துளசித் தண்டும் அப்படித்தான், ஒரே குடும்பம். கற்பூரவல்லியும், பொங்கலுக்கு வாங்குகிற சிறுகிழங்கும் இதற்குப் பங்காளிகள். லின்னேயஸ் 1763இல் இதைத் துளசி இனத்திலேயே சேர்த்தார். பிறகு வந்தவர்கள் கோலியஸ் என்றார்கள், சோலனோஸ்டெமான் என்றார்கள், பிளெக்ட்ராந்தஸ் என்றார்கள். கடைசியில் 2019இல் மறுபடியும் கோலியஸ். தலைவர்கள் பெயரைச் சுமந்துவிட்டு 1997இல் பழைய பெயருக்கே திரும்பிய நம் மாவட்டங்கள் மாதிரி. எங்கள் வீட்டில் அது பல் டாக்டராகவே இருந்ததால் இந்தக் குழப்பம் எதுவும் இல்லை.

எல்லாச் செடியும் இப்படிப் பணிந்து போகாது. குரோட்டன்ஸ் வெட்டினால் பால் வடிக்கும், மணலில் நட்டுவைத்தால் வாரக்கணக்கில் முறைத்துக்கொண்டு நிற்கும். இன்னொன்று, மஞ்சள் கரை போட்ட மாமியார் நாக்கு. நிஜமாகவே மாமியார் வீட்டிலிருந்து வந்ததால் தனிப்பெயர் தேவைப்படவில்லை. அதன் இலையைத் துண்டுபோட்டு நட்டால் குட்டி முளைக்கும், ஆனால் மஞ்சள் கரை வராது, வெறும் பச்சைதான். கரையோடு வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்து வைக்கவேண்டும். "எங்கம்மாவைத் துண்டு போட்டா அப்படித்தான்" என்றாள்.

போன மழைக்காலத்தில் மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்க ஓர் அம்மா வந்தார். பால்கனி கட்டையில் வரிசையாகத் தண்ணீர் பாட்டில்கள். டார்ச் அடித்து ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். அபராதத்துக்குச் சில்லறை இருக்கிறதா என்று நான் சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்தேன். இவள் இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றிவிடுகிறவள், புழு ஒன்றும் சிக்கவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டு அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார்: "அக்கா, இந்தச் செவப்புல ரெண்டு குடேன்."

கொடுத்தாள், ஈரக் கைக்குட்டையோடு. அதே அம்மா அடுத்தமுறை வந்தபோது வாசலிலிருந்தே சந்தோஷமாகக் கத்தினார்: "கொசு வீடு நல்லா தழைஞ்சிருக்குக்கா!"