மாப்ளைக்குக் கடல் வேணுமாம்

மாப்ள, கடல் ஓரமா சின்னதா ஒரு காடு, நடக்க ஒரு பாதை, படம் புடிக்க ரெண்டு பறவை, தென்காசிப் பக்கம் இருக்கான்னு நேத்து கேட்டீக. பேத்தியைக் கொடுத்த பாவத்துக்குப் பதில் சொல்லணும்லா? இருக்கு. குத்தாலத்துல கடலே இருக்கு. பேரு பொங்குமாகடல்.

சிரிக்காதீக. பேரருவியில மேலேருந்து வர்ற தண்ணி நேரா நம்ம மண்டையில விழுறதில்ல. நடுவுல ஒரு பாறைக் குழிக்குள்ள விழுந்து, பொங்கி வழிஞ்சு, கோவம் தணிஞ்சுதான் கீழ வருது. அந்தக் குழிதான் கடல். அது மட்டும் இல்லைன்னா உங்க கழுத்துக்கு நான் ஜாமீன் இல்ல.

நெசக் கடலும் ஆனி, ஆடியில தானா இங்க வந்துரும். அரபிக்கடல் காத்து ஆரியங்காவுக் கணவாய்ல நுழைஞ்சு சாரலா மூஞ்சியில அடிக்கும். அந்தத் தண்ணி சித்தாத்துல ஓடி, சீவலப்பேரியில தாமிரவருணியோட சேந்து, புன்னைக்காயல் பக்கம் மன்னார் வளைகுடாவுல போய்க் கலந்துரும். ரெண்டு கடலுக்கும் நடுவழியில நனைஞ்சுக்கிட்டே நின்னு, கடல் எங்கன்னு கேக்கீகளே!

நடக்கணும்னா செண்பகாதேவி அருவிப் பாதைதான் பாதை. ஆனா அதெல்லாம் உங்க மாமனார் காலத்தோட சரி. இப்ப வனத்துறை சும்மா ஏறவிடாது. 2015-ல நெல்லை வனவிலங்கு சரணாலயம்னு அறிவிச்ச மலை இது. உங்க செருப்புக்கு ஐந்தருவிக்கு மேல இருக்கிற தோட்டக்கலைத் துறைப் பூங்கா போதும்.

போறப்ப சிப்ஸ் பொட்டலத்தை மறந்துராதீக. குரங்கு பாவம், காத்துக்கிட்டு இருக்கும். நீங்க செல்பிக்குப் பல்லைக் காட்டுத நேரத்துல அது பொட்டலத்தோட மரமேறி, மூலையைக் கடிச்சுக் கிழிச்சு, ஒவ்வொண்ணா மோந்து பாத்துத் தின்னும். காலிக் கவரைக் கீழ போடுறது மட்டும் நம்மகிட்ட படிச்ச பழக்கம்.

அருவியில சோப்பு, ஷாம்பு போடக்கூடாதுன்னு உயர்நீதிமன்றமே சொல்லியாச்சு. உங்க பையில நாலு ஷாம்பு பாக்கெட் இருக்கிறதை எம் மவ பாத்துட்டா. கோர்ட்டுக்குப் பயப்படாட்டியும் மாமியாருக்குப் பயப்படுங்க.

இதுல மட்டும் கிண்டல் இல்ல, கேட்டீகளா: 2024 மே மாசம் பழைய குத்தாலத்துல திடீர்னு வந்த வெள்ளம் ஒரு பையனைக் கொண்டுபோயிட்டு. கீழ வெயில் அடிக்கும், மேல மழை கொட்டிக்கிட்டு இருக்கும். போலீஸ்காரர் விசில் ஊதினா இன்னும் ஒரு போட்டோன்னு நிக்காம வெளிய வந்துருங்க.

திரும்புறப்ப பிரானூர் பார்டர்ல எனக்கு ரெண்டு புரோட்டா. சால்னாவைத் தனியா கட்டச் சொல்லுங்க. போன தடவை ஊறவச்சுல்லா கொண்டாந்தீக.