சற்றுமுன் பறந்த பறவை: ஒரு முன்னாய்வு

1. ஆய்வின் தேவை

தமிழ்நாட்டில் மிகப் பரவலாக உள்ள பறவை காகம் என்பது பாமரர் கருத்து. களப்பணியில் இது பொய்யாகிறது. மிக அதிகம் பேரால் பார்க்கப்பட்டதும் மிக அதிகம் பேசப்படுவதும் 'சற்றுமுன் பறந்த பறவை'யே. மூச்சிரைக்கக் கரையேறி நிற்பவரிடம், கழுத்தில் பைனாகுலர் தொங்கும் ஒருவர் திரும்பி, இரக்கத்தோடு "இப்பதான் சார் பறந்துச்சு" என்பாரே, அந்தப் பறவை. இதைப் பற்றி இதுவரை எவரும் எழுதவில்லை. ஆகவே இது முன்னோடி ஆய்வு. பிறர் அப்படிச் சொல்லத் தாமதமானால் நாமே சொல்லிக்கொள்வது ஆய்வுலக மரபு.

2. கருதுகோள்

ஒரு பறவை மறைந்து எவ்வளவு நேரமாகிறதோ அந்த அளவுக்கு அது அரிய பறவை. இக்கருதுகோள் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டிருக்கிறது. ஆய்வு முடிந்தபின் எழுதிச் சேர்த்ததால் இதில் சிரமம் இருக்கவில்லை.

3. ஆய்வுக்களம்

வேடந்தாங்கல். இங்குள்ள உழவர்கள் 1798இலேயே ஆட்சியர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளை யாரும் சுடக் கூடாது என்று உரிமை வாங்கினார்கள். அரசு இதைச் சரணாலயமாக்கியது 1936இல். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் பயிர் செழிக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எந்த நாரை எப்போது வரும், எந்த மரத்தில் கட்டும் என்பதும் தெரிந்திருந்தது. ஆனால் எவர் கையிலும் பட்டியல் இல்லை, தேதி போட்டுக் குறித்துவைக்கவும் இல்லை. ஆகவே தலைமுறை தலைமுறையாக அவர்கள் பார்த்த பறவைகளை இவ்வாய்வு பார்க்கப்பட்டவையாக ஏற்கவில்லை.

4. வகைப்பாடு

அ) இப்பதான் பறந்தது: மேலே காண்க.

ஆ) நேற்றுவரை இருந்தது: மேற்படியின் அப்பன்.

இ) அந்தக் கிளைக்குப் பின்னால் இருப்பது: "எந்தக் கிளை?" "அதோ, அந்தப் பச்சை இலைக்குப் பக்கத்துல."

ஈ) போட்டோவில் இருப்பது: பெரிதாக்கினால் தெரியும் என்பார்கள். பெரிதாக்கினால் புள்ளியும் பெரிதாகும்.

உ) சின்னதாய்ப் பழுப்பாய் இருப்பது: இது தனி நூலுக்குரியது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து கதிர்குருவிகள் வந்து நாணலிலும் புதரிலும் ஒளிந்துகொள்கின்றன. பிளித் நாணல் கதிர்குருவிக்கும் அதன் ஒன்றுவிட்ட சகோதரங்களுக்கும் உள்ள வேறுபாட்டை உறுதியாகச் சொல்ல, சில சமயம் கையில் பிடித்துச் சிறகின் எந்த இறகு எதைவிட நீளம் என்று அளக்கவேண்டும். அளக்காமலேயே உறுதியாகச் சொல்ல, கரையில் இரண்டு பேர் இருந்தால் போதும். ஒருவர் புருவக்கோடு கண்ணைத் தாண்டவில்லை என்பார். மற்றவர் தாண்டியதைப் பார்த்தேன் என்பார். குருவி புதரைத் தாண்டிவிடும், விவாதம் வலுக்கும். அன்றில் எந்தப் பறவை என்பதில் புலவர்களும் பறவையியலாரும் இன்றுவரை ஒத்துப்போகாததும் இவ்வகையே. இரு தரப்பாரும் அதை அடையாளம் தெரிந்து பார்த்ததில்லை. அதனால் இரு தரப்பாருக்கும் ஐயமே இல்லை.

5. பருவகாலப் பரவல்

ஐப்பசியில், "இன்னும் வரல சார்" (டீக்கடைக்காரர், வாய்மொழி).

கார்த்திகையில், "மழை விட்டாத்தான் வரும்". மழை பொய்த்த ஆண்டில், "மழை பெஞ்சாத்தான் வரும்" (டீக்கடைக்காரர், வாய்மொழி, இரண்டாம் டீயின்போது).

மார்கழியில் பனி. வந்திருக்கிறது, தெரியவில்லை.

தையில், "இங்கதான் இருந்துச்சு, காணும் பொங்கல் கூட்டத்தப் பாத்து மிரண்டு போயிடுச்சு" (டீக்கடைக்காரர், மேலது, பாய்லரைத் திறந்தபடி கூறியதால் ஆவியில் சில சொற்கள் சிதைவு, மாறுபட்ட பாடத்துக்கு ஒப்பிடுக: அவர் மனைவி, "அதெல்லாம் ஒண்ணுமில்ல", அடுப்படியிலிருந்து, ஆண்டு குறிக்கப்படவில்லை).

பங்குனியில், "எல்லாம் கிளம்பிடுச்சு. தை மாசம் வந்திருக்கலாமே?" (டீக்கடைக்காரர், திருத்திய பதிப்பு, வடை தீர்ந்தபின் வெளியானது, இதற்கு விரிவான மறுப்புரை ஒன்று உண்டு, அதன் ஒரே படி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் இருந்தது, படியெடுக்கக் கேட்பதற்குள் மதுராந்தகம் பஸ் வந்துவிட்டது).

இத்தரவுகளுக்கு ஒத்துவராத பறவை ஒன்றே. ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரத்திலிருந்து குளிர்காலத்தில் வந்து, ஊர்த் தோப்புகளிலும் நகரத்துத் தோட்டங்களிலும் தங்கி, காலையும் மாலையும் ஆறு மணி சுமாருக்கு விசிலடித்து, தான் இருப்பதைத் தானே தெரிவிக்கிறது. முடிவைக் கெடுப்பதால் அது ஆய்விலிருந்து நீக்கப்பட்டது.

6. களப்பணியில் நேர்ந்த இடையூறு

இதைப் பதிவு செய்யாமலிருக்க முடியவில்லை. புருவக்கோடு விவாதம் உச்சத்தில் இருந்தபோது, விவாதிப்போர் காலடியிலிருந்து நாலு முழம் தள்ளி, மதகோரம் ஒரு மடையான் நின்றிருந்தது. சேற்று நிறம், கழுத்தை உள்ளிழுத்துக் கூன் போட்ட நிலை. மஞ்சள் கண் மட்டும் தண்ணீரைவிட்டு நகரவில்லை. ஒரு காலை எடுத்து, வைப்பதா வேண்டாமா என்று யோசித்து, தண்ணீர் அலையாதபடி வைத்தது. இல்லாதது போலிருந்த கழுத்து திடீரென்று நீண்டது. அலகில் ஒரு கெண்டைக் குஞ்சு துள்ளியது. அதைத் தலைப்பக்கம் வருமாறு திருப்பிப் பிடித்து விழுங்கிவிட்டு, மறுபடி கழுத்தைத் தொலைத்துக்கொண்டு நின்றது.

பைனாகுலர்காரரின் கவனத்துக்கு இது கொண்டுவரப்பட்டது. "அது மடையான்" என்றார், பைனாகுலரை இறக்காமல்.

சத்தத்தில் அது எழும்பியது. சேற்று நிறத்துக்குள் மடித்துவைத்திருந்த இரண்டு வெள்ளைச் சிறகுகளும் விரிய, பறவை முழுதும் வெளுத்தாற்போல் மதகைக் கடந்து வயலில் இறங்கியது. இறங்கியதும் மீண்டும் சேறு. இனப்பெருக்கக் காலத்தில் இதே பறவை முதுகில் அரக்குச் சிவப்புப் போர்த்திக்கொண்டு நிற்கும். இந்த நிகழ்வில் ஆய்வாளர் சற்று நேரம் குறிப்பெடுக்க மறந்தார் என்பது வருத்தத்துடன் பதிவு செய்யப்படுகிறது.

7. முடிவுகளும் பரிந்துரைகளும்

சற்றுமுன் பறந்த பறவை அழியும் நிலையில் இல்லை. ஏரிகள் சுருங்கச் சுருங்க இது பெருகும். இதற்கெனத் தனிச் சரணாலயமும் வேண்டியதில்லை.

நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், வக்கா முதலியவை நீர்க்கடம்ப மரங்களில் பட்டப்பகலில், எல்லாரும் பார்க்கும்படி கூடு கட்டிக் குஞ்சு பொரித்துக் கூச்சலிடுகின்றன. ஏற்கெனவே பட்டியலில் டிக் அடிக்கப்பட்டுவிட்டபடியால் இவற்றை மறுபடி பார்ப்பதற்கு முகாந்திரம் இல்லை.

மடையானைப் பார்க்க விரும்புவோர் வீட்டுக்குப் பக்கத்து வாய்க்காலுக்கோ நடவு வயலுக்கோ போகலாம். டிக்கெட் கிடையாது, சீசன் கிடையாது, போனால் நிச்சயம் நின்றுகொண்டிருக்கும். இந்தக் காரணங்களாலேயே அதை வைத்து முனைவர் பட்டம் வாங்குவது கடினம் என்று இளம் ஆய்வாளர்களுக்கு எச்சரிக்கப்படுகிறது.