மாதக்கடைசி: ஒரு பருவகால ஆய்வு

மாதக்கடைசி என்பது மாதத்தின் கடைசி நாள் அன்று. சம்பளப் பணம் தீர்ந்த நாளில் தொடங்கி, அடுத்த சம்பளம் வரும்வரை நீடிக்கும் பருவம் அது. தமிழ்நாட்டு நடுத்தர வீடுகளில் பெரும்பாலும் 20-ஆம் தேதியை ஒட்டிப் பிறக்கும். வண்டித் தவணையும் பள்ளிக் கட்டணமும் சேர்ந்து வந்த மாதத்தில் 8-ஆம் தேதியே பிறந்துவிடுவதும் உண்டு. பெரும்பொழுது ஆறு என்று வகுத்த இலக்கணிகள் இதைச் சேர்க்காமல் விட்டதற்கு, அவர்களுக்கு மாதச் சம்பளம் இல்லாததே காரணமாக இருக்கலாம்.

முதல் அறிகுறி குளியலறையில் தென்படும். பற்பசைக் குழாய் வாலிலிருந்து சுருட்டப்படும். பிறகு கதவிடுக்கில் நசுக்கப்படும். கடைசியில் கத்தரிக்கோலால் வயிறு கீறப்பட்டு, பிரஷ்ஷால் வழிக்கப்படும். தீர்ந்துவிட்டதாகக் குடும்பத் தலைவர் அறிவித்த குழாயில், குடும்பத் தலைவி மேலும் மூன்று நாள் பல் தேய்க்க வைத்துவிடுவார்.

செலவுக் குறைப்பின் மூலப்பொருள் தண்ணீர். காலி ஷாம்பு பாட்டிலில் விட்டுக் குலுக்கினால் இரண்டு தலைக்கு வரும். தயிர் மோராகும், மோர் நீர்மோராகும். நீர்மோருக்கு அடுத்த நிலைக்கு இன்னும் பெயர் வைக்கப்படவில்லை. சாம்பாரில் பருப்பு எங்கே என்று கேட்பவருக்கு, "வெயில் காலத்துல தண்ணியா சாப்பிட்டாத்தான் உடம்புக்கு நல்லது" என்று பதில் கிடைக்கும். மார்கழியிலும் இதே பதில்தான்.

நீர் கைவிட்ட பிறகே சேமிப்பு தோண்டப்படுகிறது. கடுகு டப்பா, அரிசிப் பானை, பீரோவில் பட்டுப்புடவை மடிப்பு ஆகியவை இதன் மரபான இருப்பிடங்கள். இத்துறையின் மாபெரும் அகழாய்வு 2016 நவம்பர் 8 இரவு நடந்தது. 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்ததும், கணவன்மார்கள் கேள்விப்பட்டிராத தொகைகள் சமையலறைகளிலிருந்து வெளிவந்தன. வங்கியில் கட்ட டிசம்பர் 30 வரை அவகாசம் இருந்தது. வீட்டில் விளக்கம் சொல்ல அவ்வளவு அவகாசம் தரப்படவில்லை. இப்போது சம்பளமும் செலவும் கைபேசி வழியே போய்வருவதால், சட்டைப் பையில் மிஞ்சும் சில்லறையை நம்பியிருந்த இந்தக் கலை நலிந்து வருகிறது.

டப்பாவும் காலியானால் கடன். இதன் கொடிய வகை தண்டல்: 10,000 ரூபாய் என்று பேசி, பிடித்தம் போக 8,500 கையில் தந்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூலிப்பது. தண்டலை அடைக்கச் சங்கிலி அடகுக்குப் போகும். சங்கிலியை மீட்க ஏலச்சீட்டைத் தள்ளி எடுப்பார்கள். சீட்டுப் பணம் கட்ட மறுபடி சங்கிலி போகும். அடகுக் கடையிலேயே குடியிருக்கும் அந்தச் சங்கிலி, நெருங்கிய உறவில் கல்யாணம் வந்தால் மட்டும் விடுப்பில் கழுத்துக்கு வருகிறது. கடன் அடைவதில்லை, இடம் மாறுகிறது என்பதே இதுவரை பெறப்பட்ட முடிவு.

கைமாற்று வேறு இனம். கடனுக்கு வட்டி, தவணை, பத்திரம் எல்லாம் உண்டு. கைமாற்றுக்கு "ரெண்டு நாள்ல தந்திடறேன்" மட்டும் உண்டு. இங்கே நாள் என்பதற்கு 24 மணி நேரம் என்ற பொருள் இல்லை. கேட்கும் முறை கண்டிப்பானது: முதலில் உடம்பு விசாரிப்பு, அடுத்துப் பிள்ளைகளின் படிப்பு, மூன்றாவதாக ஓர் "அப்புறம்...". அனுபவசாலிகள் உடம்பு விசாரிக்கும்போதே பர்ஸை மறந்து வந்ததாகச் சொல்லிவிடுவார்கள்.

இந்த ஏற்பாடு நிலைத்திருப்பது பெருந்தன்மையால் அன்று, சம்பளத் தேதிகள் வேறுபடுவதால். அரசு ஊழியருக்கு மாதத்தின் கடைசி வேலைநாளில் சம்பளம் வந்துவிடும். 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டமோ, ஆயிரம் பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு 7-ஆம் தேதி வரையும் பெரியவற்றுக்கு 10-ஆம் தேதி வரையும் இடம் கொடுத்தது. ஆகவே ஒருவர் வீட்டு மாதக்கடைசி அடுத்தவர் வீட்டு மாத ஆரம்பம். வாடகைக்கு வீடு பார்ப்போர் தண்ணீர் வசதி, காற்றோட்டம் ஆகியவற்றோடு எதிர் வீட்டாரின் சம்பளத் தேதியையும் விசாரிப்பது நலம்.

கைமாற்றின் மிகத் தொன்மையான வடிவம் பணம் அன்று, சர்க்கரை. "அக்கா, ஒரு டம்ளர் சர்க்கரை இருந்தாக் குடுங்க" என்று வரும் சிறுமியிடம் எவர்சில்வர் டம்ளர் விளிம்பு மட்டத்துக்கு நிரப்பித் தரப்படும். சம்பளம் வந்ததும் அதே டம்ளர் கோபுரமாகக் குவிந்து திரும்பும். விளிம்புக்கு மேலுள்ள அந்தக் கோபுரமே வட்டி; 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இதைத் தொடவில்லை. சிறுமி இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து, ஓரம் சிந்தாமல் மெதுவாக நடந்து வருவது தெரிந்தால், அந்த வீட்டில் மாதக்கடைசி முடிந்தது என்று கொள்ளலாம்.