செவிச்செல்வர் ஆவது எப்படி?

சங்கீதம் கேட்க யாராலும் முடியும். பாட்டு ஓடுகிற இடத்தில் காதைப் பொத்திக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தால் போதும். ஒலி கேட்பது அப்படியல்ல. அதற்குப் பயிற்சி வேண்டும், பொறுமை வேண்டும், கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை வேண்டும், வாங்கிய பொருளின் விலையில் ஒரு சைபரைக் குறைத்து வீட்டில் சொல்லும் நாக்கு வேண்டும். இந்த நான்கும் வாய்த்தவரை நான் செவிச்செல்வர் என்கிறேன். அந்தக் கூட்டத்தில் பதினெட்டு வருஷம் இருந்த தகுதியில், புதிதாகச் சேர வருகிறவர்களுக்குச் சில யோசனைகள்.

முதலில், எந்தச் சங்கீதம் என்று தீர்மானியுங்கள். ஏற்கனவே உங்களுக்குப் பிடித்ததாக அது இருக்கவே கூடாது. பிடித்த பாட்டு என்றால் மனசு அதன் பின்னால் போய்விடும், ஸ்பீக்கரைக் கவனிக்க ஆள் இருக்காது. கர்நாடகக் கச்சேரியும் சரிப்படாது. மேடையிலிருந்தே மிருதங்கக்காரர் மைக்கை ஏற்றச் சொல்லிக் கைகாட்டுகிறார். அசலே ஒலிபெருக்கி வழியாக வரும்போது நகலை எதோடு ஒப்பிடுவது? ஆகவே மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராதான் வழி. எண்பது தொண்ணூறு பேர் மைக்கே இல்லாமல், பெருமூச்சு அளவிலிருந்து இடி முழக்கம் வரை வாசிக்கிறார்கள். எதிரே கையில் குச்சியுடன் நிற்பவர் கண்டக்டர். விசில் கிடையாது, சில்லறைப் பிரச்சினையும் கிடையாது. இன்னொரு வசதி, நம் தெருவில் இதைப் பற்றி வேறு யாருக்கும் எதுவும் தெரியாது. நீங்கள் சொல்வதுதான் சட்டம்.

அடுத்தது பெயர்கள். ‘டெக்கா’ என்ற பிரிட்டிஷ் இசைத்தட்டுக் கம்பெனியின் பெயரைச் சொல்லும்போது குரல் ஒரு படி இறங்க வேண்டும், காலமான பெரியப்பாவைப் பற்றிப் பேசுகிற மாதிரி. இரண்டாம் உலகப் போரில், கடலடியில் போகும் நீர்மூழ்கி பிரிட்டனுடையதா ஜெர்மனியுடையதா என்பதைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்க பிரிட்டிஷ் விமானப்படை தன் ஆட்களைப் பழக்க நினைத்தது. அந்த நுணுக்கம் தெரிகிற பயிற்சித் தட்டுகளுக்காக டெக்காவின் ஆர்தர் ஹாடி, உச்ச ஸ்தாயி வரை பதிகிற ஒரு முறையை உருவாக்கினார். போர் முடிந்ததும் நீர்மூழ்கி இருந்த இடத்தில் வயலின் வந்து உட்கார்ந்தது. எஃப்.எஃப்.ஆர்.ஆர். என்று காது படம் போட்ட முத்திரை அப்படி வந்ததுதான். 1946இல் ஆன்செர்மே நடத்திய ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘பெத்ருஷ்கா’ அந்த முறையின் பேர்சொன்ன பிள்ளை. இதை விருந்தாளியிடம் சொல்லும்போது நீர்மூழ்கியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்ட்ராவின்ஸ்கியைத் தொட்டால் அவர் காபி கேட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

1954இல் அதே டெக்காவில் ராய் வாலஸ் என்ற பொறியாளர் ஒரு சட்டத்தில் மூன்று மைக்குகளைப் பொருத்தி, கண்டக்டரின் தலைக்கு மேலே உயரத்தில் நிறுத்தினார். இடத்தில் ஒன்று, வலத்தில் ஒன்று, நடுவில் ஒன்று கொஞ்சம் முன்னே தள்ளி. பார்க்கக் கிறிஸ்துமஸ் மரம் போல இருந்ததால் ‘டெக்கா மரம்’ என்றே பெயர் நின்றுவிட்டது. கென்னத் வில்கின்சன் போன்றவர்கள் அதை வைத்துக்கொண்டு செய்ததை இன்றைக்கும் காப்பியடித்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் மெர்க்குரி கம்பெனிக்காரர்கள் இன்னும் சிக்கனம். 1951இல் ராபர்ட் ஃபைன், சிகாகோ சிம்ஃபனி முழுவதுக்கும் சேர்த்து ஒரே ஒரு மைக்கைத் தொங்கவிட்டு முசோர்க்ஸ்கியின் ‘கண்காட்சிச் சித்திரங்க’ளைப் பதிந்தார். கூபெலிக் நடத்தினார். கண்ணை மூடிக் கேட்டால் ஆள் எதிரில் நிற்கிறான்.

இந்தத் தகவலை வீட்டில் மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒரு மைக்கில் பதிந்ததைக் கேட்க எதற்குப் பதினொரு கேபிள் என்ற கேள்வி வரும். எனக்கு வந்தது. பதில் சொல்ல இன்னும் அவகாசம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கேபிள் விஷயத்தில் தயக்கம் வேண்டாம். நெய்வேலியில் பிறந்த மின்சாரம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அலுமினியக் கம்பியில் காக்கை எச்சத்துக்கு அடியில் தொங்கிக்கொண்டு வந்து, டிரான்ஸ்ஃபார்மரில் தீப்பொறி விட்டு, நம் வீட்டு மீட்டர் பெட்டிக்குள் நுழைகிறது. கடைசி ஒரு மீட்டருக்கு வெள்ளிக் கம்பி போட்டால் அது திருந்திவிடும். வருஷம் பூராவும் கிரிக்கெட் ஆடிய பையன் கடைசி மாசம் டியூஷன் வைத்ததும் பாஸாகிறான் இல்லையா, அந்தக் கணக்கு. கேபிளுக்குத் திசை உண்டு என்று எனக்கு விற்றவர் சொன்னார். மாற்றிச் செருகினால் ஒலி சோர்ந்துவிடுமாம். நான் ஆறு மாசம் மாற்றிச் செருகியிருந்தேன். தெரிந்த பிறகுதான் சோர்வு கேட்க ஆரம்பித்தது.

சாமான் சேர்ந்ததும் நாலு பேரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். இங்கே ஒரு விதி: முழுதாக எதையும் போடக் கூடாது. சைக்கோவ்ஸ்கியின் ‘1812’ கால் மணி நேரம் ஓடும், பீரங்கி கடைசியில்தான் வரும். ஊசியை நேராகக் கடைசிக்குக் கொண்டுபோங்கள். முதல் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இதில் மெர்க்குரி வெளியிட்டது ஒரு வகை. டொராட்டி நடத்திய அந்தப் பதிவுக்காக வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரிக்கே போய் அசல் பீரங்கியை வெடித்துப் பதிந்து வந்து சேர்த்தார்கள். 1978இல் சின்சினாட்டியில் எரிக் குன்சல் நடத்தி டெலார்க் கம்பெனி பதிந்தது இன்னொரு வகை. அது டிஜிட்டல் பதிவின் ஆரம்ப காலம். பீரங்கி வருகிற இடத்தில் தட்டின் கோடு வளைந்து நெளிந்து போவது வெறும் கண்ணுக்கே தெரியும். பல வீடுகளில் ஊசி அங்கே எகிறிக் குதித்தது. ஸ்பீக்கர் கெட்டுப்போகலாம் என்று உறையிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருந்தார்கள். சிகரெட் பெட்டிக்குப் பிறகு, எச்சரிக்கையைப் பார்த்தே ஜனங்கள் வாங்கியது இதைத்தான் என்று நினைக்கிறேன். நான் போட்ட அன்று கீழ்வீட்டு மாமா மேலே வந்து, எங்கள் பிளாட்டில் சிலிண்டர் ஏதாவது வெடித்ததா என்று கேட்டார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

பீரங்கிக்கு மசியாத விருந்தாளிக்கு வாக்னர். ‘ரைன்கோல்டு’ இசை நாடகத்தில் பாதாள லோகத்துக் குள்ளர்கள் பொன்னை அடிக்கிற சத்தத்துக்கு 18 பட்டடைக் கற்கள் வேண்டும் என்று மனிதர் எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். நாடக அரங்குகளில் பெரும்பாலும் எதையோ தட்டிச் சமாளிப்பார்கள். 1958இல் வியன்னாவில் ஜார்ஜ் ஷோல்ட்டியை வைத்து டெக்காவுக்காகப் பதிந்த தயாரிப்பாளர் ஜான் கல்ஷா அந்த ஏமாற்று வேலைக்கு ஒப்பவில்லை, அசல் கற்களையே வரவழைத்தார். பதிந்த இடம் சோஃபியன்சால். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் குளியல் கூடமாகத் தொடங்கி, நீச்சல் குளமாக இருந்து, குளிர்காலத்தில் குளத்தின் மேல் பலகை போட்டு நடனம் ஆடிய கட்டடம். தரைக்கு அடியில் காலியாகக் கிடந்த அந்தக் குளம்தான் ஒலிக்கு அப்படி ஒரு கனம் கொடுத்தது என்பார்கள். நம் ஊர்க் கடத்தின் வயிறு எதற்கு என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். அதே கூட்டம் 1965க்குள், ‘ரைன்கோல்டு’ முதலாவதாக வரும் தொடரின் நான்கு நாடகங்களையும் பதிந்து முடித்தது. மொத்தம் பதினாலு மணி நேரத்துக்கு மேல். அதில் நான் கேட்டிருப்பது அந்தப் பட்டடைச் சத்தம் மட்டும். 2001இல் கட்டடம் தீப்பிடித்து எரிந்தது.

போட்டுக் காட்டும்போது சும்மா இருக்காதீர்கள். ‘மூன்றாம் வரிசையில் ஓபோக்காரர், இதோ, இங்கே’ என்று சுவரில் ஓர் இடத்தைக் காட்டுங்கள். விருந்தாளி திரும்பிப் பார்ப்பார். அங்கே பீரோ இருக்கும். அவர் தலையாட்டுவார். தலையாட்டாதவரை மறுபடி கூப்பிடாதீர்கள்.

இனி வாதம். ஒரு நாள் இல்லை ஒரு நாள் யாராவது உங்களிடம் சிடி போதாதா என்று கேட்பார்கள். 1982இல் வந்த அந்தச் சின்னத் தட்டு நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து வைக்கிறது. மனிதக் காது எட்டுகிற 20,000 ஹெர்ட்ஸுக்கு அது போதும் என்று கணக்கும் சொல்வார்கள். கேட்டவர் விவரமானவர் என்றால் மேயர், மோரன் என்ற இருவர் 2007இல் வெளியிட்ட சோதனையையும் எடுத்துப் போடுவார். உயர்தர ஒலித்தட்டை அப்படியே ஒருமுறையும், சிடி தரத்துக்கு இறக்கி ஒருமுறையும் மாற்றி மாற்றிப் போட்டு, எது எது என்று கேட்டார்கள். 554 முறை கேட்டதில் 276 முறை சரியான பதில். காசைச் சுண்டிப்போட்டாலும் ஏறக்குறைய அதுதான் வந்திருக்கும். இதற்கு எதிர்வாதம் செய்யாதீர்கள். ‘அவர்கள் என்ன கேபிள் உபயோகித்தார்கள்?’ என்று மட்டும் கேளுங்கள்.

டிஜிட்டலே ஆகாது, வினைல் தட்டுதான் என்கிற சைவப் பிரிவு ஒன்று நம் கூட்டத்தில் உண்டு. 2022இல் அவர்களுக்கு ஒரு சோதனை வந்தது. சுத்த அனலாக் என்று நம்பி அதிக விலைக்கு வாங்கிய அமெரிக்க மறுபதிப்புகள் பலவற்றின் தயாரிப்பில், நடுவே ஒரு டிஜிட்டல் கட்டம் பல வருஷமாக இருந்தது வெளியே வந்துவிட்டது. நீதிமன்றம் வரை போனது. அதுவரை அந்தத் தட்டுகளில் ‘டிஜிட்டலில் வராத கதகதப்பை’ உணர்ந்தவர்கள் அதன் பிறகு எங்கே உணர்கிறார்கள் என்று கேட்பது நாகரிகமல்ல. சாம்பாரில் வெங்காயம் இருந்தது சாப்பிட்டு முடித்த பிறகு தெரிந்தால் என்ன செய்ய முடியும்?

வயசு ஒரு சங்கடம். இளமையில் காது பூச்சி ரீங்காரத்தையும் தாண்டிப் போகும். வருஷம் ஏற ஏற மேல் ஸ்தாயி ஒவ்வொரு விளக்காக அணைந்துகொண்டே வரும். காது இருந்தபோது காசு இல்லை, காசு வந்தபோது காது இல்லை. இப்போது 40,000 ஹெர்ட்ஸ் வரை பேசுகிற ஸ்பீக்கர் என்னிடம் இருக்கிறது. சோதனைத் தட்டு போட்டதில் 12,000க்கு மேல் எனக்கு நிசப்தம். என் மகள் காதைப் பொத்திக்கொண்டு அறையை விட்டு ஓடினாள். ஸ்பீக்கர் வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டுமா?

கடைசியாக, விலக்கு. பழைய பதிவுகள் பக்கமே போகாதீர்கள். கண்டக்டர் ஃபுர்ட்வெங்லர் கூடாது, போர்க்காலத்து பெர்லின் இருமல் எல்லாம் அதில் இருக்கிறது. முக்கியமாக பாப்லோ கசால்ஸ் கூடாது. பாஹின் செலோத் தொகுப்புகளை அவர் 1936 முதல் 1939 வரை லண்டனிலும் பாரிஸிலும் பதிந்தார். கடாயில் அப்பளம் பொரிகிற மாதிரி ஓர் இரைச்சல் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை கூடவே வரும். போன மாசம் மின்சாரம் போன ஒரு சாயங்காலம், சமையலறையில் மகள் செல்போனை எவர்சில்வர் சொம்புக்குள் நிறுத்தி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சொம்பு ஏதோ ஒரு ஸ்வரத்தில் அதிரும், அதைச் சுட்டிக்காட்டலாம் என்று போனேன். தொகுப்பு முடிந்தபோது மின்சாரம் வந்து வெகுநேரம் ஆகியிருந்தது. எந்த ஸ்வரத்தில் அதிர்ந்தது என்று கவனிக்கவில்லை. இத்தகைய சறுக்கல்கள் அனுபவஸ்தர்களுக்கும் நேரும். வெளியில் சொல்லாமல் இருப்பது நல்லது.

நீங்கள் தேறிவிட்டீர்களா என்று பார்க்க ஒரு பரீட்சை சொல்கிறேன். லண்டனில் கிங்ஸ்வே ஹால் என்று மெதடிஸ்ட் சபையின் கூடம் ஒன்று இருந்தது. சரிவான தரை, அழுக்குச் சுவர். ஆனால் ஒலிக்கு அதைப் போல இன்னொரு இடம் கிடைக்கவில்லை என்று டெக்காவும் இ.எம்.ஐ.யும் பல பத்தாண்டுகள் அங்கேயே விழுந்து கிடந்தன. ஒரே குறை, அடியில் சுரங்க ரயில். ஹோல்பர்னிலிருந்து ஆல்ட்விச்சுக்குப் போகும் கிளைப் பாதை. அங்கே பதிந்த பல தட்டுகளில், மெல்லிய இடங்களில், ரயில் உறுமிக்கொண்டு போவது கேட்கும். சாதாரண ஸ்பீக்கரில் வராது. அதற்காகவே என் ஸ்பீக்கரை விற்றுப் பெரியது வாங்கினேன். முதல் நாள், வயலின்கள் தணிந்த ஓர் இடத்தில், அடிவயிற்றில் தெரிகிற மாதிரி உறுமல். கண் கலங்கிவிட்டது. தட்டு முடிந்து ஊசியை எடுத்த பிறகும் உறுமல் நிற்கவில்லை. ஜன்னலைத் திறந்து பார்த்தால், தண்ணீர் லாரி.

அசல் ரயில் அடுத்த வாரம் கிடைத்தது. அந்தக் கிளைப் பாதையை 1994இல் மூடிவிட்டார்கள். ஹாலையும் இடித்து அந்த இடத்தில் ஓட்டல் கட்டிவிட்டார்கள். இப்போது அந்த ரயில் தட்டுகளில் மட்டும்தான் ஓடுகிறது. கேட்க விருப்பமுள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை வாருங்கள். அன்றைக்கு எங்கள் தெருவுக்கு லாரி கிடையாது.