எரிமலைக்கு எதிரே ஒரு பார்க்கிங்

ஜப்பானின் கியூஷு தீவை வாடகை காரில் நானே ஓட்டிச் சுற்றலாமா? ரிவர்ஸ் எடுக்கவே கை நடுங்கும் ஆசாமி நான்!

தாராளமாக. அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். இந்தியாவில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதி செல்லும். ரயில்வே கேட் திறந்திருந்தாலும் வண்டியை முழுசாக நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் கடக்க வேண்டும்; அதுதான் சட்டம். பின்னால் யாரும் ஹாரன் அடித்து விரட்டாதது முதல் நாள் கொஞ்சம் பயமாகவே இருக்கும்.

ககோஷிமா பக்கம் போனால் சகுராஜிமா எரிமலை நம்மை என்ன செய்யும்?

காரைக் கழுவ வைக்கும். சாம்பல் படிந்தால் உடனே வைப்பரைப் போடாதீர்கள், கண்ணாடியைக் கீறிவிடும், முதலில் தண்ணீர். சாம்பல் அள்ள நகராட்சியே மஞ்சப்பை தருகிறது. பிளாஸ்டிக்தான்!

அந்த மலைக்குக் காரைப் படகில்தான் ஏற்ற வேண்டுமா?

ஏற்றினால் கால் மணி நேரம். சுற்றிவந்தால் தரைவழியும் உண்டு. 1914இல் தீவாக இருந்த சகுராஜிமா கக்கிய லாவாவே கடலை அடைத்து அதைக் கரையோடு சேர்த்துவிட்டது, டெண்டர் விடாமல்.

இபுசுகி என்ற ஊரில் உயிரோடு புதைக்கிறார்களாமே?

ஆமாம், கட்டணம் வாங்கிக்கொண்டு. வெந்நீர் ஊற்றால் சூடேறிய கடற்கரை மணலை மண்வெட்டியால் அள்ளிக் கழுத்துவரை மூடுவார்கள். பத்து நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். உடனே ஸ்டியரிங்கைப் பிடிக்காதீர்கள்.